மாமாவின் கான்டெஸாவுக்கு என்ன விலை?

பொள்ளாச்சி பக்கம் எங்கள் மாமாவின் தோட்டத்தில், தேங்காய்க் கிடங்கை ஒட்டிய தகரக் கொட்டகையில் அந்தக் கார் 2009இலிருந்து அசையாமல் நின்றது. கான்டெஸா கிளாசிக் 1.8 ஜிஎல்எக்ஸ், 1993 மாடல், வெள்ளை, பெட்ரோல். 2022 ஜனவரியில் மாமா போன் செய்தார். "காயலான் கடைக்காரர் வந்து பார்த்துட்டுப் போயிருக்காரு. எடைக்குப் போட்டா 35,000 தர்றேங்கறாரு. உனக்கு வேணும்னா வந்து எடுத்துக்க கண்ணு." அந்தக் காருக்கு நான் கேட்ட முதல் விலை அதுதான். அதன் பிறகு இரண்டு வருடத்தில் இன்னும் நான்கு விலைகளைக் கேட்டேன். ஒன்றுக்கொன்று ஒட்டவே ஒட்டாது. பழைய கார் ஒன்றை எடுத்துச் சரிசெய்ய நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984 முதல் 2002 வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் செய்த கார் இது. உருவம் எழுபதுகளின் பிரிட்டிஷ் காரான வாக்ஸ்ஹால் விக்டரிலிருந்து வந்தது. ஆரம்பத்தில் அம்பாசடரின் 1.5 லிட்டர் எஞ்சினைப் போட்டிருந்தார்கள். அவ்வளவு பெரிய உடம்பை இழுக்க அது போதவில்லை. பிறகு இசுசுவின் 1.8 லிட்டர் எஞ்சினும் ஐந்து கியரும் வந்த பிறகுதான் கான்டெஸா உண்மையான கான்டெஸா ஆனது. சின்ன வயதில் ஆழியாறு தாண்டி வால்பாறை ஏறும்போது பின் சீட்டில் ஐந்து பேர் உட்கார்ந்திருப்போம். வண்டி முனகாமல் ஏறும்.

பார்க்கப் போகும்போது ஒரு மெல்லிய காந்தம், ஒரு பழைய ஸ்க்ரூடிரைவர், ஆர்சி புத்தகத்தின் நகல், இந்த மூன்றை மட்டும் எடுத்துப் போனேன். காந்தத்தைத் துணியில் சுற்றி பாடி முழுக்க ஓட்டினால் எங்கே தகரம், எங்கே பட்டி (பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை) என்று தெரிந்துவிடும். கதவுகள் நன்றாகப் பிடித்தன. பின் சக்கரத்துக்கு மேலே இரண்டு பக்கமும் பிடிக்கவில்லை. ரன்னிங் போர்டில் ஸ்க்ரூடிரைவரால் லேசாகக் குத்தியதும் உள்ளே போய்விட்டது. டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியில் மழைத்தண்ணீர் தேங்கி அடித்தகடு சல்லடையாகியிருந்தது. டேஷ்போர்டு வயரிங்கை எலி தின்றிருந்தது. ஆனால் ஜன்னல் கண்ணாடி அத்தனையும் முழுசாக இருந்தன. கிரில், கடிகாரம், வீல் கப் நான்கு என்று எதுவும் காணாமல் போகவில்லை. எங்கள் மெக்கானிக் அண்ணன் அதைப் பார்த்துத்தான் எடுக்கச் சொன்னார். "தகரத்தை அடிச்சு வெட்டி ஒட்டிக்கலாம் தம்பி. தொலைஞ்ச சாமானத்தை எங்க போய்த் தேடுவீங்க?" பிறகு பலமுறை இந்தப் பேச்சு எனக்கு நினைவுக்கு வந்தது.

கோவைக்குக் கொண்டுவந்ததும் எல்லோருக்கும் கை பரபரத்தது, பேட்டரி மாட்டி ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பார்க்கலாம் என்று. அண்ணன் சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். 13 வருடம் நின்ற எஞ்சினில் பிஸ்டன் ரிங் சுவரோடு ஒட்டியிருக்கலாம், செல்ஃப் அடித்தால் கீறிவிடும். பிளக் நான்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் எஞ்சின் ஆயில் விட்டு, இரண்டு நாள் ஊறவைத்து, கிராங்கை ஸ்பேனர் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றினோம். சுற்றியது! டேங்கில் பிசினாகிப்போன பெட்ரோலை வடித்து, டேங்கைக் கழற்றிக் கழுவி, புது ஆயில் மாற்றிய பிறகுதான் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம், பார்த்தோம். மூன்றாம் நம்பர் சிலிண்டர் மட்டும் 85 பிஎஸ்ஐ காட்டியது, மற்ற மூன்றும் 135 முதல் 140. அந்த 85இல் ஒரு கரண்டி ஆயில் விட்டு அண்ணன் மறுபடி பார்த்தார். ஆயில் விட்டதும் அளவு ஏறினால் ரிங்கோ போரோ (சிலிண்டர் சுவர்) தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் கோளாறு மேலே வால்வில். ஏறவில்லை. அதனால் எஞ்சினை இறக்காமல், அதன் மேல்பாகமான ஹெட்டை மட்டும் கழற்றினோம். ஒரு எக்ஸாஸ்ட் வால்வு கருகியிருந்தது. லேத்தில் சீட் வெட்டி, வால்வு மாற்றி, ஹெட்டைச் சமன்செய்து பூட்டியதோடு வேலை முடிந்தது. போரைத் தொடவே இல்லை.

இந்த நேரத்தில்தான் நல்ல மனதோடு பலர் டீசல் எஞ்சின் மாற்றச் சொன்னார்கள், மைலேஜ் கிடைக்கும் என்று. நான் சம்மதிக்கவில்லை. ஆர்சியில் இருக்கும் எண்ணும் எஞ்சின் பிளாக்கில் அடித்திருக்கும் எண்ணும் ஒன்றாக இருப்பது இந்த மாதிரி காருக்குப் பெரிய சொத்து.

அடுத்து டிங்கரிங். என் பணமும் மனதும் அதிகம் கரைந்தது இங்கேதான். முதலில் கொடுத்த பட்டறையில் ஆறு வாரத்தில் முடித்துத் தருவதாகச் சொன்னார்கள், சொன்னபடி முடித்தும் விட்டார்கள். வண்டி பளபளவென்று வந்தது. மூன்று மாதம் கழித்து, ஒரு மழைக்குப் பிறகு, பின் சக்கர வளைவில் சின்னச் சின்னக் கொப்புளங்கள். காந்தத்தை வைத்தேன், நழுவியது. துருப்பிடித்த தகட்டை வெட்டாமல் மேலே கேஸ் வெல்டிங்கில் துண்டு வைத்து, அரை அங்குலத்துக்குப் பட்டி பூசி, பெயிண்ட் அடித்திருந்தார்கள். 70,000 ரூபாய் போனது. அதைவிட வலித்தது, கேஸ் சூட்டில் நல்ல தகரமும் நெளிந்திருந்தது.

இரண்டாவது டிங்கர் வயதானவர், தனியாள். வேலை தொடங்குமுன் பெயிண்டை முழுக்கச் சுரண்டித் தகரம் வரை காட்டச் சொன்னார். துருப்பிடித்த இடத்தை நல்ல தகரம் வரும் வரை வெட்டினார். அதே கன தகட்டைச் சுத்தியலால் வளைத்து, துண்டை மேலே ஏற்றாமல் விளிம்போடு விளிம்பு வைத்து சிஓ2 வெல்டிங் செய்தார். அதையும் ஒரே கோடாக இழுக்கவில்லை. இங்கே ஒரு புள்ளி, ஆறவிட்டு அங்கே ஒரு புள்ளி என்று மாற்றி மாற்றி வைத்ததால் தகடு நெளியவில்லை. ரன்னிங் போர்டு இரண்டு, டிக்கித் தரை, டிரைவர் கால் வைக்கும் இடம், பின் வளைவுகள் என்று நான்கு மாதம் ஆனது. பிறகு எபாக்ஸி பிரைமர், இணைப்புகளில் சீலர், ரன்னிங் போர்டுக்குள்ளே மெழுகுக் கலவை. பட்டி எங்கும் தோல் மாதிரி மெல்லிசாகத்தான். ஒவ்வொரு நாள் மாலையும் போய் போட்டோ எடுத்தேன். அன்றைக்கு ஆசைக்காக எடுத்தது. அந்தப் போட்டோக்கள் ஒருநாள் பணமாக மாறும் என்று தெரியாது.

பெயிண்ட் அதே வெள்ளை. கறுப்பு அடித்தால் கம்பீரமாக இருக்கும் என்று ஆசைப்பட்டது உண்டு. ஆனால் நிறம் மாற்றினால் ஆர்சியில் ஏற்ற வேண்டும், அதோடு அந்தக் கார் மாமாவின் கார் மாதிரி இருக்காது.

சாமான் தேடுவது பற்றி ஒன்று சொல்லலாம். எஞ்சின் சாமான் கிடைப்பது கஷ்டமே இல்லை. இதே இசுசு எஞ்சின் அம்பாசடர் 1800 ஐஎஸ்இசட்டிலும் வந்ததால் ஹெட் கேஸ்கெட், டைமிங் செயின், கிளட்ச் எல்லாம் அம்பாசடர் பெயரில் கேட்டாலே கொடுத்தார்கள். கண்ணீர் வரவைப்பது பாடிச் சாமான்கள்தான். டெயில் லைட் கண்ணாடி ஒன்றுக்காக சென்னை புதுப்பேட்டையில் இரண்டு முறை கடை கடையாக ஏறி இறங்கினேன். கடைசியில் கொல்கத்தா மல்லிக் பஜாரிலிருந்து ஒருவர் வழியாக வந்தது. கதவு, கண்ணாடி ஓரங்களில் வரும் பீடிங் ரப்பர் எங்குமே இல்லை. பழைய பீடிங்கில் கெடாத ஒரு சாண் துண்டை வெட்டி, கோவையில் ரப்பர் மோல்டிங் செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் கொடுத்தேன். டை வெட்டி ஊற்றித் தந்தார்கள். கோவையில் இருப்பதன் பாக்கியம் இது. லேத், வார்ப்பு, மோல்டிங் எல்லாம் நடக்கும் தூரத்தில்.

பெட்ரோல் ஓஸ்களையும் பம்ப் டயாஃப்ரத்தையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிக்கொள்ளுங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். கார்புரேட்டர் காலத்து ரப்பர் அதில் ஊறி விரிசல் விடும். எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில் பெட்ரோல் கசிவது விளையாட்டில்லை.

அப்புறம் காகிதங்கள். 2021இல் வந்த விண்டேஜ் விதிகள் 50 வயதைத் தாண்டிய வண்டிக்கு மட்டும். 30 வயதுக் கார் சட்டத்தின் கண்ணில் சாதாரண பழைய கார்தான். 15 ஆண்டு முடிந்ததும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. மாமா 2008இல் புதுப்பித்தார், 2013இல் காலாவதி. காலாவதியான ஆர்சியை நேராகப் பெயர் மாற்ற முடியாது. அதனால் மாமா பெயரிலேயே படிவம் 25 கொடுத்து முதலில் புதுப்பித்தோம். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆகியிருந்தது. 2025இல் 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு அதையும் 10,000 ஆக்கிவிட்டார்கள். தாமதக் கட்டணம், பசுமை வரி தனி.

ஆர்டிஓ அலுவலகத்தில் வண்டியைக் காட்டும் நாளில் சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்துப் பிரின்ட் எடுப்பார்கள். எஞ்சின் எண்ணையும் சேர்த்துப் பார்த்தபோது எனக்கு மூச்சு நின்றது. கணினிப் பதிவில் ஓர் இலக்கம் 8, பிளாக்கில் 3. பழைய கையெழுத்துப் புத்தகத்தைப் பார்த்தால், மூன்றைத்தான் எட்டு போல வளைத்து எழுதியிருந்தார்கள். கணினியில் ஏற்றியவர் எட்டு என்று படித்துவிட்டார். மாமா 1993இல் வாங்கிய ஷோரூம் இன்வாய்ஸை ஒரு நோட்டுக்குள் மடித்து வைத்திருந்தார். அதில் 3 என்று டைப் அடித்திருந்தது. அந்த ஒரு தாள் இல்லாவிட்டால் என் கார் எஞ்சின் மாற்றிய கார் என்று ஆகியிருக்கும். ஐந்து வாரம் அலைந்து திருத்தினோம். பிறகு படிவம் 29, 30 கொடுத்து என் பெயருக்கு வந்தது. பழைய காரை யாரிடம் வாங்கினாலும் பழைய தாள் எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள், கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.

இன்சூரன்ஸில் இரண்டாவது விலையைக் கேட்டேன். புதுக் காருக்கு ஐடிவி, அதாவது இன்சூரன்ஸுக்கான காரின் மதிப்பு, கணக்கிட அட்டவணை இருக்கிறது; ஐந்தாம் வருடம் வரை தேய்மானம் 50 சதவீதம் வரை ஏறும். ஐந்து வருடம் தாண்டினால் அட்டவணை கிடையாது, நிறுவனமும் நாமும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகைதான். அவர்கள் சொன்னது 40,000. காயலான் கடைக்காரரைவிட ஐயாயிரம் அதிகம்! நான் சண்டை போடவில்லை. உரிமம் பெற்ற இன்சூரன்ஸ் சர்வேயர் ஒருவரை அழைத்து மதிப்பீட்டுக் கடிதம் கேட்டேன்.

அவர் வந்த அன்று பெயிண்டைத் தடவிப் பார்ப்பார் என்று எதிர்பார்த்து வண்டியைத் துடைத்து வைத்திருந்தேன். அவர் முதலில் எண்களைப் பார்த்தார். அப்புறம் டார்ச் அடித்து அடியில் படுத்தார். பிறகு ஃபைலைக் கேட்டார். தகரம் தெரிந்த நாளிலிருந்து எடுத்த போட்டோக்களைத் தேதிவாரியாக ஒட்டி, பில்களை வரிசையாக வைத்திருந்தேன். முக்கால் மணி நேரம் அதைப் படித்தார். பெயிண்டைப் பற்றிக் கடைசியில் ஒரு வரி கேட்டார். கடிதத்தில் எழுதியது 3,25,000. நிறுவனம் அந்தத் தொகைக்கே பாலிசி கொடுத்தது. ஒரு விஷயம் மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: முழு நாசத்துக்குத்தான் அந்தத் தொகை. சின்ன விபத்தில் சாமான் மாற்றினால், பத்து வயது தாண்டிய காரின் உலோகப் பாகத்துக்குப் பாதிதான் தருவார்கள், ரப்பர் பிளாஸ்டிக்குக்கும் பாதிதான்.

சந்தை விலையைத் தெரிந்துகொள்ள விளம்பரத்தில் போட்டிருக்கும் விலைகளை நம்பவில்லை, அது கேட்கும் விலை. விற்று முடித்தவர்களுக்குப் போன் செய்து, கடைசியில் கைக்கு என்ன வந்தது என்று கேட்டேன். பேசியது ஐந்து பேர். ஒரே உரிமையாளர் கையில் இருந்து, மங்கிய பெயிண்டோடு முழுசாக ஓடிக்கொண்டிருந்த கார், புதுப் பெயிண்டும் அலாய் வீலும் போட்ட காரைவிட அதிகத்துக்குப் போயிருந்தது. அவர்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் என்னுடையது நான்கு லட்சம் போகும். பிறகு கேரளாவிலிருந்து ஒருவர் நேரில் வந்து, இன்வாய்ஸையும் எஞ்சின் எண்ணையும் பார்த்துவிட்டு ஐந்து லட்சம் தருவதாகச் சொன்னார். வீணான 70,000 உட்பட என் செலவு 6,10,000. கணக்குப்படி நஷ்டம்தான். கொடுக்கவில்லை.

2023 டிசம்பரில் மாமாவை முன் சீட்டில் உட்காரவைத்து வால்பாறைக்குப் போனேன். அவருக்கு 78 வயது. 40 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிக்கும் வரை எஞ்சின் சூடு பாதிக்கு மேல் போகவில்லை. ஒன்பதாவது வளைவில் நிறுத்தி ஆழியாறு அணையைப் பார்த்தோம். மாமா தாமாக இறங்கி, பின் இடது கதவைத் திறந்து மூடினார். மறுபடி திறந்து மூடினார். "இந்தக் கதவு இப்படிச் சத்தம் போடாது கண்ணு. டப்புனு ஒரே சத்தமா விழும். உங்க அத்தை பக்கம் அது."

வீடு திரும்பிய மறுநாள் காலையில் அந்தக் கதவின் லாக் பிடிக்கும் கொக்கியில் இரண்டு ஸ்க்ரூவைத் தளர்த்தி, நூலளவு உள்ளே தள்ளி முடுக்கினேன். மூன்றாவது தடவை சரியாக விழுந்தது. போனில் அந்தச் சத்தத்தைக் கேட்கவைத்தேன்.

"ஆங், அதுதான்" என்றார்.