‘எல்எஸ்’ஸைக் காணோம்!

டெர்மினலின் தீம் மாற்றுகிறேன் பேர்வழி என்று, அங்கே அடிக்கும் கமாண்டுகளை வாங்கி ஓட்டும் இசட் ஷெல்லின் ‘.இசட்எஸ்எச்ஆர்சி’ என்ற செட்டிங்ஸ் ஃபைலைத் திறப்பார்கள். கமாண்ட் அடிக்கும் இடமான ப்ராம்ப்ட்டுக்கு அம்புக்குறி, கலர் எல்லாம் வைத்து, போகிற போக்கில் பாத் வரியிலும் கை வைத்துவிட்டுப் புது விண்டோவில், ஃபைல் பட்டியல் காட்டும் ‘எல்எஸ்’ அடித்தால், ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’. அட்மின் அதிகாரம் தரும் ‘சூடோ’வும் இல்லை. திரையைத் துடைத்துவிட்டு யோசிக்கலாம் என்றால் ‘கிளியர்’கூட ஊரில் இல்லை.

ஃபோல்டர் மாற்றும் ‘சிடி’, கொடுத்ததைத் திருப்பிக் காட்டும் ‘எக்கோ’ போன்றவை மட்டும் ஓடும். அவை ஷெல்லுக்குள்ளேயே குடியிருப்பவை. மற்றவை தனித்தனி புரோகிராம்கள். பாத் என்னும் முகவரிப் பட்டியலை வைத்துத்தான் ஷெல் அவற்றைத் தேடிப் போகும். புது ஃபோல்டரை எழுதியவர் அதன் பின்னால் கோலனும் ‘$பாத்’தும் போட மறந்தால், பழைய பட்டியல் மொத்தமும் காலி.

இதைவிடக் கில்லாடி சின்ன எழுத்து ‘பாத்’. இன்னொரு ஷெல்லான பாஷில் அது சாதாரண வேரியபிள். இசட் ஷெல்லில் அதுவும் பெரிய எழுத்துப் பாத்தும் ஒட்டிப் பிறந்த இரட்டையர். ஒன்றைக் கிள்ளினால் மற்றதும் அழும். 2019இல் மேக்ஓஎஸ் காட்டலினா இசட் ஷெல்லை இயல்பு ஷெல்லாக்கியபோது, பழைய பாஷ் ஃபைலை அப்படியே காப்பியடித்தவர்களுக்கென்றே வெட்டி வைத்த குழி இது.

மீள்வது எளிது. ‘எக்கோ *’ அடித்தால் ஃபைல் பெயர்கள் தெரியும், ஏழையின் எல்எஸ். ‘/யுஎஸ்ஆர்/பின்/விஐ’ என்று முழு முகவரியோடு எடிட்டரைக் கூப்பிட்டு வரியைத் திருத்தலாம். அதன் பிறகு அதே விண்டோவில், ஃபைலை மறுபடி படிக்கச் சொல்லும் ‘சோர்ஸ்’ அடித்துவிட்டு, “சரி பண்ணியும் வரலையே” என்று தலையில் கை வைப்பவர்கள்தான் அதிகம். அங்கே இருப்பது உடைந்த பாத். புது வரி அதன் தலையில்தான் போய் ஒட்டும். மூடிவிட்டுப் புது விண்டோ திறக்க வேண்டும்.

‘இசட்எஸ்எச் -என்’ கொடுத்து ஃபைலைச் சோதித்தால் மூடாத மேற்கோள்குறி, ‘இஃப்’பை முடிக்க விட்டுப்போன ‘ஃபி’ மாட்டும். பாத்தை அழித்த வரி மாட்டாது. இலக்கணப்படி அது சுத்தமான வரி! ஷெல் திறக்கவே தகராறு செய்தால் ‘இசட்எஸ்எச் -எஃப்’. வீட்டு ஃபைல் எதையும் படிக்காமல் எழும்.

இசட் ஷெல்லுக்குத் தீமும் ப்ளக்இன்னும் தரும் ஓ மை இசட்எஸ்எச் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: ப்ளக்இன் பட்டியலில் பெயர்களுக்கு நடுவே இடைவெளிதான், கமா கூடாது. போட்டால் ‘கிட்,’ என்ற ப்ளக்இன் இல்லை என்று, கமாவையும் இனிஷியல் மாதிரி சேர்த்துப் படித்துப் புகார் சொல்லும்.