முத்திரை உடைந்த கடிதம்

ஜனவரி 4, ஞாயிறு

டாம் ஸ்டாப்பர்டின் 'ரோசன்கிராண்ட்ஸும் கில்டன்ஸ்டர்னும் இறந்துவிட்டார்கள்' நாடகத்தை அண்ணனும் நானும் சேர்ந்து வாசிக்கத் தொடங்கியிருக்கிறோம். அவர் ஊரில், நான் இங்கே, நடுவில் போன் ஸ்பீக்கர். அவர் கில்டன்ஸ்டர்ன், நான் ரோசன்கிராண்ட்ஸ். மற்ற பாத்திரங்களை யார் வாய்க்கு வருகிறதோ அவர்கள் படிக்க வேண்டியது. நவம்பர் கடைசியில் ஸ்டாப்பர்ட் காலமான செய்தி படித்ததிலிருந்தே மனசில் இருந்த வேலை இது.

ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தைப் படித்தவர்களுக்குக்கூட இந்த இருவரின் முகம் சட்டென்று நினைவுக்கு வராது. இளவரசன் ஹாம்லெட்டோடு சின்ன வயதில் கூட வளர்ந்தவர்கள். அவனுக்கு என்ன கோளாறு என்று வேவு பார்க்க டென்மார்க் அரசன் கிளாடியஸ் ஆளனுப்பி வரவழைக்கிறான். வருகிறார்கள், கேட்கிறார்கள், ஒன்றும் பெயரவில்லை. பிறகு ஹாம்லெட்டை இங்கிலாந்துக்குக் கப்பலில் கூட்டிப் போகிறார்கள். கடைசிக் காட்சியில் இங்கிலாந்துத் தூதர் வந்து ஒரே வரியில் அவர்கள் செத்ததைச் சொல்லிவிட்டுப் போகிறார். அந்த வரிதான் இந்த நாடகத்தின் தலைப்பு. ஷேக்ஸ்பியரின் மேடையிலிருந்து இவர்கள் வெளியே போன பிறகு என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதுதான் நாடகமே.

1966 ஆகஸ்டில் எடின்பரோ ஃபிரிஞ்ச் விழாவில் ஒரு மாணவர் குழு முதலில் போட்டது. ஸ்டாப்பர்டுக்கு அப்போது 29 வயது. 'அப்சர்வர்' பத்திரிகையின் விமர்சகர் கொண்டாடி எழுதினார். மறு ஏப்ரலில் லண்டனில் நேஷனல் தியேட்டரே ஓல்ட் விக் அரங்கில் மேடையேற்றியது.

தொடக்கத்தில் இருவரும் காசு சுண்டிக்கொண்டிருக்கிறார்கள். 92 தடவை தொடர்ந்து தலை. நிஜத்தில் அப்படி விழுவதற்கான வாய்ப்பைக் கணக்குப் போட்டால், 5 எழுதி 27 சுழி போட்ட எண்ணிக்கையில் ஒன்று. ரோசன்கிராண்ட்ஸ் அதைப் பற்றிக் கவலையே படாமல் ஜெயித்த காசைப் பைக்குள் போட்டுக்கொள்கிறான். கில்டன்ஸ்டர்னுக்கு வயிற்றைக் கலக்குகிறது. பிடிக்குள் அடங்காத ஏதோ ஒன்று தங்களை நடத்துகிறது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. அபத்த நாடகம் என்று இதற்குப் பெயர் வந்தது இந்த மாதிரி இடங்களால்தான்.

ஜனவரி 7, புதன்

அரசனும் அரசியும் இருவருக்கும் நன்றி சொல்லும் இடம். அரசன் ஒரு வரிசையில் பேரைச் சொல்ல, அரசி வரிசையை மாற்றிச் சொல்கிறாள். ஷேக்ஸ்பியரிலேயே உள்ள வரிகள்தான். இரண்டு பேரில் யார் எவர் என்பது அரண்மனைக்குப் பொருட்டே இல்லை. ஸ்டாப்பர்ட் இதை ஒரு படி மேலே கொண்டுபோகிறார், இவர்களுக்கே தங்களில் யார் ரோசன்கிராண்ட்ஸ் என்பது அவ்வப்போது குழம்பிப்போகிறது.

ஹாம்லெட் இவர்களைப் 'பஞ்சு' என்று சொல்லும் இடத்தையும் மூல நாடகத்திலிருந்து எடுத்துப் படித்துக் காட்டினேன். அரசனுடைய தயவையும் வெகுமதியையும் அதிகாரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும் பஞ்சு. தேவைப்படும்போது பிழிந்துவிடுவான், திரும்பக் காய்ந்து கிடப்பாய் என்கிறான். ரோசன்கிராண்ட்ஸ் பதிலுக்கு, எனக்குப் புரியவில்லை பிரபு என்கிறான். அண்ணன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர்.

ஜனவரி 11, ஞாயிறு

இன்று கப்பல் காட்சி. இதைத்தான் விரிவாக எழுதி வைக்க வேண்டும்.

கிளாடியஸ் கொடுத்த கடிதம் இவர்கள் கையில் இருக்கிறது. இங்கிலாந்து அரசனிடம் சேர்க்க வேண்டும். இங்கிலாந்து போய் இறங்கினால் என்ன பேசுவது என்று தெரியாமல் ஒத்திகை பார்க்கிறார்கள். ரோசன்கிராண்ட்ஸ் இங்கிலாந்து அரசனாக நடிக்கிறான். நடிப்பு வேகத்தில் கடிதத்தைப் பிடுங்கி, முத்திரையைக் கிழித்து, அரசனின் குரலிலேயே படிக்க ஆரம்பிக்கிறான். ஹாம்லெட்டின் தலையை உடனே வெட்ட வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது.

ஷேக்ஸ்பியரில் இது கிடையாது. கடிதத்தில் என்ன இருக்கிறது என்று இவர்களுக்குத் தெரியுமா தெரியாதா என்பதை அவர் சொல்லாமலே விட்டுவிட்டார். தெரியாமல் போய் மாட்டிக்கொண்ட அப்பாவிகள் என்று நாம் வைத்துக்கொள்ளலாம். ஸ்டாப்பர்ட் அந்த வழியை அடைத்துவிட்டார். இவர்களுக்குத் தெரியும். படித்தார்கள்.

அடுத்து வரும் கில்டன்ஸ்டர்னின் பேச்சு ஒன்றரை நிமிஷம்கூட இருக்காது. ஹாம்லெட் மனிதன்தானே, என்றைக்கோ ஒருநாள் சாகத்தான் போகிறான். சமூகக் கண்ணோட்டத்தில் பார்த்தால் பலரில் ஒருவன், தாங்கக்கூடிய நஷ்டம். மரணம் அப்படியென்ன கொடுமை, யாருக்குத் தெரியும்? நாம் சின்ன ஆட்கள், உள்விவகாரம் நமக்குத் தெரியாது, விதியின் திட்டத்திலும் அரசர்களின் திட்டத்திலும் தலையிட நாம் யார். பேசிக்கொண்டே கடிதத்தைப் பழையபடி மடித்துக் கட்டுகிறான். முத்திரை உடைந்ததை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்கிறான். ரோசன்கிராண்ட்ஸ் முனகுகிறான்: அவன் நமக்கு ஒன்றும் செய்யவில்லையே.

அண்ணன்தான் கில்டன்ஸ்டர்ன் வரிகளைப் படித்தார். படித்து முடித்ததும், "இந்தப் பேச்சை நான் கேட்டிருக்கேம்மா" என்றார்.

"யாரு பேசிக் கேட்டீங்க அண்ணா?"

"டெஸ்பாட்ச் செக்‌ஷன்ல எல்லாரும் பேசுவோம். மேலிடத்து உத்தரவு, நமக்கென்ன தெரியும். இந்த வார்த்தைதான்."

எனக்கு இந்த நாடகத்தின் உயிர்நிலை இந்த மடிப்பில் இருக்கிறது. நாணயமும் சொல் விளையாட்டும் எவ்வளவோ பேசப்பட்டுவிட்டன. அந்தக் கைகள் கடிதத்தைத் திரும்ப மடிக்கும் நேரத்தில்தான் இது அரசியல் நாடகம் ஆகிறது. அதுவரை எங்கே வந்தோம், எதற்கு வந்தோம் என்றே தெரியாத இருவர். இப்போது ஒன்று திட்டவட்டமாகத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் தெரியாதவர்களாகவே இருக்க முடிவு செய்கிறார்கள்.

அன்றிரவு அவர்கள் தூங்கும்போது ஹாம்லெட் விளக்கை ஊதி அணைத்துவிட்டு வந்து கடிதத்தை எடுக்கிறான். மேல்தளத்தில் விரித்து வைத்த பெரிய குடைக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறான், குடைத்துணி வழியாக வெளிச்சம் தெரிகிறது. மாற்றிய கடிதத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போய்விடுகிறான்.

ஜனவரி 13, செவ்வாய்

இரண்டு நாளாக கேத்தரின் கன் நினைவாகவே இருக்கிறது.

2003 ஜனவரி 31. பிரிட்டனின் ஒட்டுக்கேட்பு உளவு அமைப்பின் செல்டன்ஹாம் அலுவலகத்தில் சீன மொழிபெயர்ப்பாளராக இருந்த அவருக்கும், கூட வேலை செய்த பலருக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியது அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை. இராக் போருக்கு ஐ.நா. பாதுகாப்புச் சபையின் ஒப்புதல் வேண்டும். எந்தப் பக்கம் சாய்வது என்று முடிவெடுக்காத ஆறு நாடுகளின் பிரதிநிதிகள் பேசுவதை ஒட்டுக்கேட்க உதவி கேட்டிருந்தார்கள். ஒரு அரசு இன்னொரு அரசுக்கு எழுதிய கடிதம், கடல் தாண்டி வந்திருக்கிறது, ஒரு கடைநிலை ஊழியர் படித்துவிட்டார். டென்மார்க்கிலிருந்து இங்கிலாந்துக்குப் போன கடிதத்தோடு எவ்வளவு நெருக்கம்!

அவருக்கு வயது 28. உள்விவகாரம் தெரியாத சின்ன ஆள் என்று தன்னைச் சொல்லிக்கொள்ள எல்லா நியாயமும் இருந்தது. அவர் அதை அச்செடுத்து வெளியே கொண்டுபோய், பத்திரிகைத் தொடர்பு உள்ள ஒரு தோழியிடம் கொடுத்தார். மார்ச் 2 அன்று வெளியானது. வெளியிட்ட பத்திரிகை 'அப்சர்வர்', 1966இல் இந்த நாடகத்தை முதலில் தூக்கிப் பிடித்த அதே பத்திரிகை.

வெளியானபோது நடந்த ஒன்று ஸ்டாப்பர்ட் எழுதியிருக்க வேண்டியது. மூலத்தில் இருந்த அமெரிக்க எழுத்துக்கூட்டலைப் பத்திரிகை அலுவலகத்தில் வழக்கம்போல் பிரிட்டிஷ் முறைக்குத் திருத்திவிட்டார்கள். அமெரிக்கன் இப்படி எழுத மாட்டான், இது போலி என்று ஒரு கூட்டம் கிளம்பியது. ஹாம்லெட் எழுதிய போலிக் கடிதம் நல்ல கையெழுத்தும் தந்தையின் முத்திரையும் இருந்ததால் உண்மை என்று ஏற்கப்பட்டது. உண்மையான கடிதம் ஓர் எழுத்து கூடுதலாக இருந்ததால் சந்தேகிக்கப்பட்டது.

அலுவலகத்தில் விசாரணை தொடங்கி, சக ஊழியர்கள் ஒவ்வொருவராகத் துருவப்படுவதைப் பார்த்துவிட்டு, நான்தான் என்று தானே போய்ச் சொன்னார். வேலை போயிற்று. அரசு ரகசியச் சட்டத்தில் வழக்கு. போர் சட்டப்படி சரியா என்று அரசுக்குச் சொல்லப்பட்ட ஆலோசனையைக் காட்டுங்கள் என்று அவர் தரப்பு கேட்டது. 2004 பிப்ரவரி 25 அன்று அரசுத் தரப்பு ஆதாரம் எதையும் முன்வைக்கப் போவதில்லை என்று சொல்ல, வழக்கு அரை மணிக்குள் முடிந்தது.

2003இன் அந்த மார்ச்சிலேயே பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையின் துணைச் சட்ட ஆலோசகர் எலிசபெத் வில்ம்ஸ்ஹர்ஸ்ட், பாதுகாப்புச் சபையின் புதிய தீர்மானம் இல்லாமல் இந்தப் போர் சட்டவிரோதம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு வேலையை விட்டார். 1974இலிருந்து அங்கே இருந்தவர்.

போர் நிற்கவில்லை. மார்ச் 20 அன்று தொடங்கிவிட்டது. இதை வைத்து, அவர்கள் செய்ததால் என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. கில்டன்ஸ்டர்னும் அதையேதான் கேட்டான்.

ஜனவரி 16, வெள்ளி

பொங்கல் வேலையில் வாசிப்பு இல்லை. ஸ்டாப்பர்டின் வாழ்க்கைக் குறிப்பை மட்டும் புரட்டினேன்.

பிறந்தது 1937இல் செக்கோஸ்லோவாக்கியாவின் ஸ்லின் நகரில். அப்பா அங்கே பாட்டா காலணி நிறுவனத்தின் மருத்துவர், யூதர். 1939 மார்ச்சில் ஜெர்மன் படை நுழைந்தபோது, நிறுவனம் யூத ஊழியர்கள் பலரை வெளிநாட்டுக் கிளைகளுக்கு மாற்றியிருந்ததால் குடும்பம் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தது. ஜப்பானியர் வந்தபோது அப்பா இறந்தார். அம்மாவும் பிள்ளைகளும் இந்தியாவுக்கு வந்தார்கள். டார்ஜிலிங்கில் பள்ளிக்கூடம். அம்மா ஓர் ஆங்கில ராணுவ அதிகாரியை மணந்து, 1946இல் இங்கிலாந்து. தாத்தா பாட்டி நால்வரும் நாஜிகளின் கையில் இறந்தவர்கள் என்பது அவருக்கே 1990களில்தான் முழுதாகத் தெரிந்தது.

பாட்டாவின் ஏதோ ஓர் அறையில் ஒருவர் உட்கார்ந்து இட மாறுதல் உத்தரவு தட்டியிருப்பார். இந்த டாக்டர், இந்த ஊர், இந்தக் கிளை. அந்தக் காகிதமும் ஒரு கடிதம்தான்.

ஜனவரி 18, ஞாயிறு

அண்ணன் இன்று சண்டைக்கே வந்துவிட்டார். "கன் பேரைச் சொல்லி இவங்களைத் திட்டாதே. அவங்களுக்குக் கோர்ட் இருந்தது, பேப்பர் இருந்தது, வக்கீல் இருந்தாங்க. இந்த ரெண்டு பேருக்கும் நடுக்கடல். கடிதத்தைக் கடல்ல போட்டுட்டு யார்கிட்ட போய் நிப்பாங்க?"

பலமான கேள்வி. நாள் முழுவதும் அதையே யோசித்தேன். பதிலாக எனக்குத் தோன்றியது பிராக்.

1977 ஜனவரியில், செக்கோஸ்லோவாக்கிய அரசு தானே கையெழுத்திட்ட மனித உரிமை உடன்படிக்கைகளை மதிக்க வேண்டும் என்று கேட்டு 'சாசனம் 77' வெளியானது. அதை அரசிடம் சேர்க்கக் காரில் கொண்டுபோனபோதே நாடகாசிரியர் வாக்லாவ் ஹாவெலும் நண்பர்களும் பிடிக்கப்பட்டார்கள். சாசனத்தின் பேச்சாளர்களில் ஒருவரான தத்துவப் பேராசிரியர் யான் பாத்தொச்கா நீண்ட போலீஸ் விசாரணைகளுக்குப் பிறகு மார்ச்சில் இறந்தார். அங்கே கோர்ட் அரசுடையது, பத்திரிகையும் அரசுடையது. நடுக்கடல் என்றால் அதுதான்.

அந்த ஆண்டு ஸ்டாப்பர்ட் அங்கே போய் ஹாவெலைச் சந்தித்தார். அரசியல் இல்லாத, வெறும் புத்திசாலித்தனமான எழுத்து என்று அதுவரை அவரைக் குறை சொன்னவர்கள் உண்டு. அதன்பின் அந்த நாட்டின் நிலைமையை நேராகவே நாடகத்தில் கொண்டுவந்தார்.

ஹாவெல் 1978இல் எழுதிய 'அதிகாரமற்றோரின் அதிகாரம்' கட்டுரையில் ஒரு காய்கறிக் கடைக்காரர் வருகிறார். வெங்காயத்துக்கும் கேரட்டுக்கும் நடுவே 'உலகத் தொழிலாளர்களே ஒன்றுபடுங்கள்' என்ற அட்டையைக் கடையில் வைக்கிறார். அதில் அவருக்கு நம்பிக்கையும் இல்லை, வெறுப்பும் இல்லை. காய்கறியோடு சேர்ந்து வந்தது, வைத்தார், வம்பு வேண்டாம். ஒருநாள் அவர் அட்டையை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று ஹாவெல் யோசிக்கிறார். மேலாளர் பதவி போகும், சம்பளம் குறையும், பிள்ளையின் மேற்படிப்புக்கு ஆபத்து வரும். ஹாவெல் எதையும் மறைக்கவில்லை. ஆனால் ஒரு கடைக்காரருக்காக இவ்வளவு தண்டனையை அரசு ஏன் மெனக்கெட்டுத் தர வேண்டும்? எல்லோரும் அட்டை வைத்தால்தான் அந்த ஆட்சியே நிற்கும் என்பதால்.

அண்ணனிடம் சொன்னேன். "அந்தக் கடைக்காரரைப் பத்தி எனக்கு அனுப்பு" என்றார். ஒத்துக்கொண்டார் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை.

ஜனவரி 25, ஞாயிறு

முடித்துவிட்டோம். இருவரும் இரண்டாம் முறை கடிதத்தைப் பிரிக்கிறார்கள். இப்போது அதில் இவர்கள் பெயர். இவ்வளவு பெரிய ஏற்பாடு எல்லாம் நம் இரண்டு சின்னச் சாவுக்காகவா என்று வியக்கிறார்கள். ஆரம்பத்தில் எங்கோ ஓர் இடத்தில் முடியாது என்று சொல்லியிருக்கலாம், எப்படியோ தவறவிட்டோம் என்கிறான் கில்டன்ஸ்டர்ன். அண்ணன் அதை மெதுவாக, அழகாகப் படித்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. தவறவிடவில்லை. அந்த இடம் எது என்று நாம் பார்த்தோம், கையில் கயிற்றை வைத்துக்கொண்டு கட்டிக்கொண்டிருந்தான்.

மூல நாடகத்தில் இவர்களுக்காகத் தன் மனசாட்சி உறுத்தவில்லை என்கிறான் ஹாம்லெட். இந்த வேலையைக் காதலித்துச் செய்தவர்கள் என்கிறான். இளவரசனை நான் விடுவிக்கவில்லை. வேவுக்கு வந்த இருவருக்கு மரண தண்டனை எழுதும் அளவுக்கு அவனுக்குக் கை வந்ததே, அதுவும் அந்த அரண்மனை வளர்ப்புதான்.

இன்று புதிதாகப் பட்டது இங்கிலாந்து. கடிதம் வருகிறது. அரசன் படிக்கிறான். இவர்கள் யார், என்ன குற்றம், கேட்கவில்லை. ஹாம்லெட் பெயர் இருந்திருந்தால் ஹாம்லெட் தலை. இவர்கள் பெயர் இருந்தது, இவர்கள் தலை. அந்தத் தலையை வெட்டியவர்களுக்கு நாடகத்தில் பெயரே கிடையாது. பிறகு, உத்தரவு நிறைவேறிவிட்டது என்று சொல்ல அங்கிருந்து தூதர்கள் கிளம்பி டென்மார்க் அரண்மனை இருக்கும் எல்சினோர் வருகிறார்கள். வந்து பார்த்தால் அரசன், அரசி, ஹாம்லெட் எல்லோரும் பிணம். எங்களுக்கு யார் நன்றி சொல்வார்கள் என்று கேட்கிறார் தூதர். வேலை முடித்துவிட்டு நன்றிக்காக வந்து நிற்கும் இன்னொரு கூட்டம்.

"அந்தத் தூதரை வெச்சு ஒரு நாடகம் எழுதலாம்மா" என்றார் அண்ணன். எழுதுங்கள் அண்ணா என்றேன். அடுத்த ஞாயிறு ஹாவெல் கட்டுரை. அவரே கேட்டார்.