எச்எஸ்கே நான்காம் நிலை: 174-இல் தோற்றதும், அதற்குக் காரணமான சொற்பட்டியலும்

எச்எஸ்கே என்பது வெளிநாட்டவருக்கான சீன மொழித் தகுதித் தேர்வு. அதன் நான்காம் நிலையில் தேர்ச்சிக்கு 300-க்கு 180 வேண்டும். எனக்கு வந்தது 174. கேட்டல் 61, வாசிப்பு 69, எழுதுதல் 44. வருஷங்கள் ஆகிவிட்டன, ஆனாலும் அந்த 44 இன்னும் உறுத்துகிறது, ஏனென்றால் அந்த ஆறு மாதமும் நான் சும்மா இருக்கவில்லை. தினமும் நாற்பது சொல், தலைப்பு வாரியாக, நோட்டில் எழுதி எழுதிப் படித்தேன். படித்த விதம்தான் தப்பு. இதே தேர்வுக்கு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

சீனாவில் மருத்துவம் படிப்பவர்களுக்கு விஷயம் தெரியும். வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் பட்டம் வாங்குவதற்குள் நான்காம் நிலை வேண்டும், அது இல்லாமல் வார்டில் நின்று நோயாளியிடம் ஒரு வார்த்தை கேட்க முடியாது. நான் 2020 ஜனவரியில் ஒரு பெட்டியை ஹாஸ்டலிலேயே விட்டுவிட்டு விடுமுறைக்குத் தக்கலைக்கு வந்தேன். திரும்ப விசா கொடுக்க ஆரம்பித்தது 2022 ஆகஸ்டில். நடுவில் எல்லாம் ஆன்லைன். அங்கே காலை எட்டு மணி வகுப்பு என்றால் இங்கே ஐந்தரை. மொழி வகுப்பு ஆசிரியை ஒவ்வொரு சொல்லையும் தன் குரலில் பேசி வீசாட்டில் அனுப்புவார், அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்போம். 2020 ஜூனில் அந்தச் செயலி இங்கே தடையானது, குரல் நின்றுபோனது. எனக்கு முதல் அடி அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. அன்றிலிருந்து சீன மொழியைக் கண்ணால் மட்டுமே படித்தேன்.

அப்புறம் நாகர்கோவிலில் ஒரு பயிற்சி மையம். பெயர் வேண்டாம். நான்காம் நிலைக்கான 1200 சொல்லையும் தலைப்பு வாரியாகப் பிரித்து, ஜெராக்ஸ் எடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுத்தார்கள். நிறங்கள், உடல் உறுப்புகள், பழங்கள், திசைகள், உறவுகள், ஆஸ்பத்திரி என்று அழகாக இருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் உச்சரிப்பு தமிழ் எழுத்தில். பார்த்ததும் நிம்மதியாக இருந்தது, அந்த நிம்மதிக்குத்தான் பின்னால் விலை கொடுத்தேன்.

முதல் கோளாறு, ஒரே இனத்துச் சொற்களை ஒரே நாளில் படித்தது. இடது, வலது இரண்டுக்கும் சீன எழுத்தில் மேல்பகுதி ஒன்றேதான், கீழேதான் வித்தியாசம். திசைகள் தலைப்பில் இரண்டையும் அடுத்தடுத்துப் படித்ததால் ஒரு மாதம் வரைக்கும் எது எது என்று நின்று யோசிக்க வேண்டியிருந்தது. வாங்கு, விற்பனை செய் என்ற இரண்டும் அப்படியே, எழுத்தும் ஒட்டி இருக்கும், ஒலியும் ஒட்டி இருக்கும், தொனி, அதாவது குரலின் ஏற்ற இறக்கம், மட்டும்தான் வேறு. பட்டியலில் இரண்டுக்கும் பக்கத்தில் 'மாய்' என்றே போட்டிருந்தது. கண், மூக்குக்கண்ணாடி இரண்டுக்கும் 'யென்ஜிங்'. தாமஸ் டிங்காம் என்ற ஆய்வாளர் 1993-லும் 1997-லும் இதைச் சோதித்தே எழுதியிருக்கிறார் என்பது எனக்குத் தோற்ற பிறகுதான் தெரிந்தது. ஒரே வகைச் சொற்களைக் கூட்டாகப் படித்தால் ஒன்றை ஒன்று குழப்பும். அதுவே தவளை, குளம், பச்சை, நீந்து என்று ஒரு காட்சியில் சேர்ந்து வரும் சொற்கள் என்றால் சீக்கிரம் மனசில் நிற்கும். இரண்டையும் நாம் 'தலைப்பு வாரி' என்றுதான் சொல்கிறோம், ஆனால் இரண்டும் வேறு.

இரண்டாவது, அந்தத் தமிழ் எழுத்து உச்சரிப்பு. இதை நான் கோபத்தோடேயே சொல்கிறேன். நம் ப-வும் த-வும் சீனத்துக்குப் போதாது. வயிறு நிறைந்தது, ஓடு என்ற இரண்டு சொல்லும் தமிழில் எழுதினால் 'பாவ்'தான். வாய்க்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். 'ஓடு' சொல்லும்போது காகிதம் ஆட வேண்டும், மற்றதற்கு ஆடவே கூடாது. வயிறும் முயலும் இதே சங்கதி, நோயாளியிடம் வயிறு வலிக்கிறதா என்று கேட்கப் போய் முயலைப் பற்றிக் கேட்டுவிடுவோம். இந்தக் கட்டுரையில் நான் தமிழில் உச்சரிப்பு எழுதுவது உங்களுக்குப் புரிவதற்காக மட்டும். நோட்டில் ஒருநாளும் எழுதாதீர்கள்.

தேர்வு அன்று நடந்ததைச் சொல்கிறேன். வீட்டிலிருந்தே கணினியில் எழுதும் முறை. முன்னால் ஒரு கேமரா, பக்கவாட்டில் போனில் இன்னொரு கேமரா. கரண்ட் போகுமோ என்று அம்மா இன்வெர்ட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், நல்லவேளை போகவில்லை. எழுதுதல் பகுதியில் கடைசி ஐந்து கேள்வி, ஒரு படம், ஒரு சொல், அதை வைத்து ஒரு வாக்கியம். ஒரு படத்தில் ஒருவர் படுக்கையில் புத்தகம் வாசிக்கிறார், கொடுத்த சொல் 'பழக்கம்'. எழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. தூங்கும் முன் வாசிப்பது அவர் பழக்கம், வாக்கியம்கூட மனசில் தயார். ஆனால் கணினியில் ஒலியை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்தால்தான் சீன எழுத்து வரும். என் பட்டியலில் 'ஷீகுவான்' என்று இருந்ததால் எஸ், எச் என்று ஆரம்பித்துத் தட்டினேன். தூதரகம் வந்தது. சோதனைக்குழாய் வந்தது. உணவுக்குழாய் வந்தது. மருத்துவம் படிக்கிற எனக்கு உணவுக்குழாய் அந்த நேரத்தில் எதற்கு? பழக்கம் வரவே இல்லை. அந்தச் சொல் எக்ஸ் எழுத்தில் தொடங்குகிறது. தமிழில் இரண்டும் ஷ-தான், சீனத்தில் இரண்டும் வேறு வேறு ஒலி. கண்ணுக்கு முன்னால் இருக்கிற சொல்லை எழுத முடியாமல் நாலு நிமிஷம் போனது. இதே மாதிரி இன்னொரு கேள்வியும் போனது.

மூன்றாவது கோளாறுதான் பெரியது. 1200 சொல்லில் பொருட்களின் பெயர்களுக்குத் தலைப்பு கிடைக்கும். 'இருந்தாலும்', 'அதனால்', 'இல்லாவிட்டால்', 'வேண்டுமென்றே', 'ஒருவேளை' இவற்றுக்கெல்லாம் என்ன தலைப்பு? ஜெராக்ஸில் கடைசி நாலு பக்கம் 'மற்றவை' என்று போட்டிருந்தது, அந்தப் பக்கங்களுக்கு வகுப்பு போகவே இல்லை. வாசிப்பில் மூன்று வாக்கியத்தை வரிசைப்படுத்தும் பத்து கேள்வி முழுக்க முழுக்க இந்தச் சொற்களை வைத்துத்தான். பழங்களின் பெயர் எல்லாம் தெரிந்து ஒரு பிரயோஜனமும் இல்லை. இதைக் கேட்க வேண்டும் என்று தக்கலையிலிருந்து பஸ் ஏறி மையத்துக்குப் போனேன், பூட்டிக் கிடந்தது. மறுபடி போனபோது, 'அதெல்லாம் படிச்சா தானா வந்துடும்' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

சரி, ஜெராக்ஸைக் கட்டி மேலே போட்டுவிட்டு புது நோட்டு எடுத்தேன். ஒரு பக்கத்துக்கு ஒரு இடம். வடசேரி சந்தை ஒரு பக்கம், திருவனந்தபுரம் விமான நிலையம் ஒரு பக்கம், எங்கள் தெரு கிளினிக் ஒரு பக்கம், வாடகை வீடு பார்ப்பது ஒரு பக்கம். பக்கத்துக்குப் பன்னிரண்டு, பதினைந்து சொல்லுக்கு மேல் கிடையாது. கட்டாயம் இரண்டு 'மற்றவை' சொல் இருக்க வேண்டும். சந்தைப் பக்கத்தில் மீன், புதியது, மலிவு, சீனர்கள் எடை போடும் ஜின் (அரைக் கிலோ), மீனை எண்ணும்போது வரும் 'தியாவ்', இவற்றோடு 'இன்றைக்கே வாங்குங்கள், இல்லாவிட்டால் கெட்டுவிடும்' என்று ஒரு வாக்கியம். அந்த 'இல்லாவிட்டால்' அதற்குப் பிறகு எனக்கு மறக்கவே இல்லை. சீனத்தில் எண்ணுக்கும் பொருளுக்கும் நடுவில் வரும் எண்ணும் சொற்களையும் இப்படியே பிடித்தேன். நீளமானதற்கு ஒன்று, தட்டையானதற்கு ஒன்று, கைப்பிடி உள்ளதற்கு ஒன்று. நாற்காலிக்குக் கைப்பிடிச் சொல்தான் வரும், எங்கள் ஊர் பத்மநாபபுரம் அரண்மனையில் இருக்கும் சீன நாற்காலியை நினைத்துக்கொண்டதும் அது ஒட்டிக்கொண்டது.

வாங்கு, விற்பனை செய் குழப்பம் தீர்ந்தது முட்டத்திலிருந்து சாளையும் நெத்தோலியும் கொண்டுவரும் அக்காவால். விற்பதற்கான எழுத்தும் வாங்குவதற்கான எழுத்தும் ஒன்றேதான், விற்பதற்குத் தலையில் மட்டும் கூடுதலாக ஒரு கூட்டல் குறி. அக்கா தலையில் கூடையோடு வாசலில் நிற்கிறார், விற்க வந்தவர். கூடை இல்லாமல் சட்டியோடு நிற்கிற அம்மா வாங்குகிறவர். இதைக் கண்டுபிடித்த அன்று நான் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டு அம்மா, "யாருகிட்ட மக்களே பேசிட்டு இருக்க?" என்று கேட்டார். இடது, வலதுக்கும் வழி கிடைத்தது. வலது என்ற எழுத்தின் கீழே இருப்பது வாய். சோறு வாய்க்குப் போவது வலது கையால். அவ்வளவுதான், அதற்குப் பிறகு யோசிக்கவே வேண்டாம். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் இடது பக்கத்தைப் பாருங்கள், கண்ணில் கண் இருக்கும், கண்ணாடியில் உலோகத்தின் குறி இருக்கும். முகம், கால், வயிறு, பாதம் எல்லாவற்றிலும் சதையைக் காட்டும் ஒரே குறி இடது பக்கம் வரும், நோய் சம்பந்தப்பட்டவற்றுக்கு வேறொரு கூரை. எழுத்துக்குள்ளேயே தலைப்பு இருக்கிறது, இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல சேதி. உறவுச் சொற்களை ஆங்கிலம் வழியாகப் படிக்காதீர்கள். 'அங்கிள்' என்று ஒரே சொல்லுக்கு எதிரே பல சீனச் சொற்கள் நின்று பயமுறுத்தும். போபோ என்றால் பெரியப்பா, ஷூஷு சித்தப்பா, ஜியோஜியோ தாய்மாமா, கூகு அத்தை. அண்ணன் வேறு, தம்பி வேறு, அக்கா வேறு, தங்கை வேறு. நமக்கு இதில் கற்றுக்கொள்ள எதுவுமே இல்லை, நம் சொல்லுக்குப் பக்கத்தில் சீனச் சொல்லை ஒட்டினால் போதும். அரிசிக்கும் சோற்றுக்கும் நம்மைப் போலவே அவர்களுக்கும் தனித்தனிச் சொல். நாம் குடிக்கிற சாயாவே அவர்களுடைய 'சா'தான்.

கேட்டல் பகுதிக்கு ஒரு எச்சரிக்கை. மூன்றாம் நிலை வரை ஒலிப்பதிவை இரண்டு தடவை போடுவார்கள், நான்காம் நிலையில் ஒரே தடவை. 'இவர்கள் எங்கே இருக்கிறார்கள்?' என்ற கேள்வி வரும், ஆனால் உரையாடலில் இடத்தின் பேர் வரவே வராது. போர்டிங் பாஸ் காதில் விழுந்தால் விமான நிலையம், மருந்து எத்தனை வேளை என்று கேட்டால் ஆஸ்பத்திரி. இடம் வாரியாக நோட்டு போட்டவர்களுக்கு இந்தக் கேள்வி வரம். ஒவ்வொரு பக்கத்தையும் நானே போனில் பேசிப் பதிவு செய்து, ஒரு சீனத் தோழியிடம் மின்னஞ்சலில் அனுப்பித் திருத்தி வாங்கிக் கேட்டேன். ஆஸ்பத்திரிப் பக்கத்தில் டாக்டரைக் குறிக்கும் 'தாய்ஃபு'வை எழுத்தைப் பார்த்து 'தாஃபு' என்று படித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. முதல் எழுத்து 'பெரிய' என்ற சாதாரண எழுத்து, இந்தச் சொல்லில் ஒலி மாறும்.

பதிவு செய்வதை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். முதல் தடவை அந்த மையமே எனக்குப் படிவம் நிரப்பியது. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி, என் பேரும் அப்பா பேரும் ஒரே வரியில் இருக்கும். அவர்கள் அப்பா பேரைத் தனியே பிரித்து, முன்பின்னாக மாற்றிப் போட்டுவிட்டார்கள். நுழைவுச்சீட்டைப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது, திருத்துவதற்குள் மூன்று தடவை நாகர்கோவில், நாலு நாள் தூக்கம் போச்சு. பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்களே நிரப்புங்கள், பணம் கட்டும் முன் ஒரு படம் எடுத்து வையுங்கள். சொற்பட்டியலும் எந்தப் பதிப்பு என்று அதே நாளில் பார்த்துவிடுங்கள். 2021-இல் ஒன்பது நிலையோடு புதிய தரநிலை வந்து, 11,092 சொல் என்றதும் எங்களில் பாதிப்பேர் பழைய நோட்டைத் தூக்கிப் போட்டார்கள், ஆனால் நான் எழுதிய நான்காம் நிலைத் தேர்வு பழைய 1200 சொல்லிலேயே நடந்தது.

இரண்டாம் தடவை 228. கேட்டல் 77, வாசிப்பு 80, எழுதுதல் 71. பதிவு எண்ணை மூன்று தடவை போட்டு முடிவைப் பார்த்துவிட்டுத்தான் அம்மாவை எழுப்பினேன். இட நோட்டில் மொத்தம் எழுபத்திரண்டு பக்கம் ஆகியிருந்தது, இப்போது அது குழித்துறையில் இருந்து படிக்கப் போயிருக்கும் ஒரு தங்கையிடம் இருக்கிறது. சந்தைப் பக்கத்தில் மீன்கூடை படம் வரைந்திருக்கிறேன், அதை அழிக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிக் கொடுத்தேன்.