வரிசையின் கடைசியில்

ஜூன் 8, ஞாயிறு

இரண்டு ஆண்டுகளாக மகளைக் கராத்தே வகுப்பில் விட்டுவிட்டுப் பள்ளி மதிலோரம் வண்டியில் அமர்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்த நான், நாற்பத்து மூன்று வயதில் இன்று அந்த மதிலுக்கு உள்ளே போய் நின்றேன். இங்கே வயதுக்குச் சலுகை கிடையாது. பெல்ட்டின் நிறப்படியே வரிசை. பச்சை பெல்ட் கட்டிய ஒன்பது வயது மகள் முன்னால் நிற்க, வெள்ளை பெல்ட்டுடன் நான் கடைசி வரிசையில், இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குப் பக்கத்தில் நின்றேன். பெல்ட்டை இடுப்பில் இருமுறை சுற்றி முடிச்சிட்டால் இரு நுனிகளும் சமமாகத் தொங்க வேண்டும். எனக்கோ ஒன்று முழங்காலைத் தொட்டது. "அவுத்துட்டு முதல்லேருந்து கட்டுங்க அங்கிள்" என்றான் பையன்.

ஜூன் 14, சனி

இச்சி, நி, சான் என்று ஜப்பானிய மொழியில் எண்ணியபடி ஒரு மணி நேரமும் குத்து மட்டுமே. ஒரு கை முன்னே போகும்போது மறு கை, முஷ்டியின் உள்பக்கம் வானம் பார்க்க, இடுப்புக்கு வந்து சேர வேண்டும். இழுக்கும் இந்தக் கைக்கு ஹிகிதே என்று பெயர்; எதிராளியின் கையைப் பற்றித் தன் பக்கம் இழுத்தபடியே குத்துவதாக இதற்கு விளக்கம் சொல்கிறார்கள். என்னுடையது ஒவ்வொரு முறையும் விலாவில் எங்கோ தங்கிவிட்டது. மாஸ்டர் அருகில் வந்து என் முழங்கையை மெல்லப் பின்னுக்குத் தள்ளினார். "குத்துற கையை எல்லாரும் பார்ப்பாங்க சார். நான் வர்ற கையைத்தான் பார்ப்பேன்."

ஜூன் 29, ஞாயிறு

மைதானத்தில் வேறு நிகழ்ச்சி இருந்ததால் வகுப்பு இல்லை. என் தொடைகள் நன்றி சொல்லின.

ஜூலை 13, ஞாயிறு

ஹெய்யான் ஷோதான் என்னும் முதல் கட்டாவை, அதாவது எதிராளி இல்லாமல் வரிசை மாறாமல் செய்யும் அசைவுத் தொடரை, இன்று தொடங்கினோம். இருபத்தொரு அசைவுகள், அவற்றில் ஒன்பதாவதிலும் பதினேழாவதிலும் வயிற்றிலிருந்து எழும் ஒரு கூச்சல். ஜப்பானின் ஒகினாவா தீவில் கராத்தே ஆசான் இத்தோசு அங்கோ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று பினான் என்ற பெயரில் ஐந்து கட்டாக்களை அமைத்தார். அவரிடம் பயின்று, 1922இல் டோக்கியோவுக்குச் சென்று கராத்தேயைப் பரப்பிய ஃபுனகோஷி கிச்சின் அவற்றுக்கு ஹெய்யான் என்று பெயரிட்டதோடு, முதலாவதைவிட இரண்டாவது எளிது என்பதால் அவ்விரண்டையும் இடம் மாற்றி வைத்தார். ஆக, பள்ளிப் பிள்ளைகளுக்காக இயற்றியதில், அதிலும் எளியதென்று தேர்ந்து முன்னால் வைத்த ஒன்றில்தான் நான் தடுக்கி விழுகிறேன்.

தடுக்குவது எப்போதும் பத்தாவது அசைவில்தான். ஒன்பதாவதில் கத்தி முடித்ததும், முன்னே ஊன்றிய வலக்காலின் மேல், இடக்காலைப் பின்புறமாக வீசி, முக்கால் வட்டம் திரும்ப வேண்டும். நான் அரை வட்டத்திலேயே நின்றுவிட்டேன். வகுப்பு முழுவதும் ஒரு பக்கம் பார்த்திருக்க, நான் மட்டும் நான் வழக்கமாகச் சாய்ந்து உட்காரும் அதே மதிலைப் பார்த்து நின்றேன். போதாக்குறைக்கு, கூச்சப்பட்டு அடக்கியிருந்த கூச்சல் அப்போதுதான் தாமதமாக வெளிவந்தது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலையில் மகள் மொட்டை மாடியில் கோலமாவால் ஒரு நீண்ட கோடும், அதன் இரு முனைகளிலும் குறுக்கே ஒவ்வொரு கோடும் போட்டாள். கட்டாவில் கால்கள் செல்லும் வழி அதுதான். தொடங்கிய புள்ளியிலேயே முடிக்க வேண்டும் என்பது கணக்கு. அவள் எண்ண நான் செய்தேன். பத்தாவதில், "இன்னும், இன்னும் திரும்புங்கப்பா" என்று அவள் சொல்லச் சொல்லத் திரும்பியதில் முக்கால் வட்டம் வந்துவிட்டது. அந்த இடத்தில் மட்டும் மாவு என் பாதத்தின் அளவுக்கு வட்டமாகக் கலைந்திருந்தது. கடைசி அசைவு முடிந்து கீழே பார்த்தபோது புள்ளியிலிருந்து ஒன்றரை அடி தள்ளி நின்றேன். அவள் ஸ்கேலை எடுத்துவந்து அளந்துவிட்டு, சென்ற வாரம் அது மூன்றடி என்றாள்.