நெட் விஷுவல் ஆர்ட்: மதுபனியை நிப்பால் படித்த கதை

கல்லூரி ஆசிரியர் பணிக்கான யு.ஜி.சி. நெட் தேர்வின் ரிசல்ட் வந்துவிட்டது. ஜே.ஆர்.எஃப். (ஆராய்ச்சி உதவித்தொகை) இல்லை, உதவிப் பேராசிரியர் தகுதி மட்டும்தான். எனக்கு அது போதும். "அடுத்து என்ன?" என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்குச் சொல்ல ஒரு பதில் கையில் இருக்கிறது. எழும்பூரில் ஓவியம் படிக்கிற தம்பி தங்கைகள் கேட்டுக்கொண்டே இருப்பதால், நாட்டுப்புற ஓவியப் பகுதியை, அதிலும் மதுபனியை எப்படிப் பிடித்தேன் என்பதை மட்டும் எழுதுகிறேன். மேற்கத்தியக் கலை வரலாற்றுக்கு ஊரெல்லாம் ஆள் இருக்கிறார்கள்.

காசு கொடுத்து வாங்கிய ஒரு கோச்சிங் நோட்ஸில் மதுபனிக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். பீகார், இயற்கை வண்ணம், மீன், மயில், பெண்கள் வரைவது. அவ்வளவுதான். இதை வைத்து என்ன செய்வது? நம் நாட்டுப்புற ஓவியங்களில் பாதிக்கு மேல் மயில் நிற்கிறது, இயற்கை வண்ணமும் எல்லாரிடமும் இருக்கிறது. பொருத்துக, காலவரிசை, கூற்று-காரணம் எல்லாமே ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் நோண்டுகின்றன.

அதனால் வரைந்தேன். நோட்ஸ் எடுக்கவே இல்லை. பாரிமுனையில் தொட்டெழுதும் நிப்பும் கறுப்பு மையும் வாங்கினேன். ஒரே மீனை ஒவ்வொரு பாணியிலும் வரைந்தேன். ஒரே மீன் என்பதுதான் இதில் விஷயமே, வேறு வேறு படம் வரைந்தால் பாணி புரியாது.

மதுபனிக்குள்ளேயே பல பாணிகள் உண்டு. பர்னி என்ற பாணியில் மீனுக்குக் கறுப்பில் எல்லை கட்டி, உள்ளே சிவப்பையும் மஞ்சளையும் அழுத்தமாக நிரப்ப வேண்டும். சீக்கிரம் முடிந்துவிடும், பார்க்கவும் பளிச்சென்று இருக்கும். கச்னி பாணிக்கு நிரப்புகிற வேலையே கிடையாது. செதில், துடுப்பு, வால் எல்லாம் மெல்லிய கோடுகளாலேயே அடைபடும். கறுப்பும் சிவப்பும் இருந்தால் போதும், ஆனால் மணிக்கட்டு விட்டுப்போகும். கோத்னா பாணி பச்சைகுத்தும் வழக்கத்திலிருந்து வந்தது. புள்ளிகள், சின்ன வட்டங்கள், வரிசை வரிசையாகக் குட்டி உருவங்கள். தாந்திரிகம், கோஹ்பர் இரண்டையும் சேர்த்து ஐந்து பாணிகள் என்று எண்ணுவார்கள்.

கச்னி மீனை ஒரு தடவை முடித்தவருக்கு, "கோட்டோவியத்துக்குப் பெயர் பெற்றவர் யார்" என்ற கேள்வியில் மதுபனி ஓவியர்களான கங்கா தேவிக்கும் சீதா தேவிக்கும் இடையே தடுமாற்றம் வரவே வராது. சீதா தேவி பர்னி. கங்கா தேவி கச்னி. கை வலித்த பக்கம் கங்கா தேவி.

எந்தப் பாணி யார் வீட்டுடையது என்பதை கைடுகள் நாசூக்காக விட்டுவிடுகின்றன. விடாதீர்கள். பழைய பகுப்பின்படி பர்னி பிராமணப் பெண்களோடும், கச்னி காயஸ்தப் பெண்களோடும், கோத்னா துசாத் என்ற தலித் சமூகத்தோடும் சேர்த்துச் சொல்லப்படுவது. கருப்பொருளும் அதையொட்டியே பிரிகிறது. முதல் இரண்டு சமூகத்தாரிடம் ராமன், சீதை, கிருஷ்ணன், சிவன், பார்வதி, துர்க்கை. மதுபனி இருக்கிற மிதிலையே சீதையின் பிறந்த வீடாயிற்றே! துசாத் ஓவியர்களிடம் அவர்களுடைய நாட்டார் நாயகன் ராஜா சல்ஹேஸ். இன்றைக்கு இந்த எல்லைகள் கலைந்துவிட்டன, கேள்வித்தாளில் மட்டும் கலையவில்லை.

கோஹ்பர், புதுமணத் தம்பதியர் தங்கும் அறையின் சுவர். நடுவே தாமரைக்கொடி, பக்கத்தில் மூங்கில், சுற்றிலும் மீன், ஆமை, கிளி, சூரியன், சந்திரன். தாமரை பெண், மூங்கில் ஆண் வழி என்பது வழக்கமான விளக்கம். மூலைகளில் நைனா ஜோகின், கண்ணேறு படாமல் காப்பவள். இதையும் வரைந்து பார்த்தேன். எங்கேயும் வெற்றிடம் விடக்கூடாது, வெளிக்கோடு இரட்டை, நடுவில் குறுக்குக் கீறல்கள், முகம் பக்கவாட்டில், கண் மட்டும் பெரிதாக. தரையில் போடுவது அரிபன். ஊறவைத்து அரைத்த அரிசி மாவை விரலால் இழுப்பது, அசல் நம் மாக்கோலம்தான். மயிலாப்பூரில் வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

காலவரிசைக்கு:

1934: பீகார் நிலநடுக்கம். இடிந்த வீடுகளின் உட்சுவர்களில் ஓவியங்களைப் பார்க்கிறார் ஆங்கிலேய அதிகாரி ஆர்ச்சர்.
1949: அவருடைய கட்டுரை 'மார்க்' கலை இதழில்.
1966-67: வறட்சி. கைவினை வாரியத்தின் புபுல் ஜெயகர், ஓவியர் பாஸ்கர் குல்கர்னியை அனுப்புகிறார். சுவரிலிருந்து தாளுக்கு.
1975: ஜகதம்பா தேவிக்கு பத்மஸ்ரீ. பிறகு சீதா தேவி 1981, கங்கா தேவி 1984, மகாசுந்தரி தேவி 2011, பவுவா தேவி 2017, கோதாவரி தத்தா 2019, துலாரி தேவி 2021.

இதில் வறட்சியும் தாளும்தான் கூற்று-காரணத்துக்கு ஏற்ற ஜோடி. பெண்களுக்கு வருமானம் வேண்டும் என்பதற்காகவே தாள் கொடுக்கப்பட்டது. கலையை அப்படியே காப்பாற்றி வைக்க என்று ஒரு ஆப்ஷன் இருந்தால் ஏமாறாதீர்கள்.

கங்கா தேவியை மட்டும் கொஞ்சம் கூடுதலாகவே படித்தேன், தேர்வுக்குத் தேவைப்பட்டதைவிட அதிகமாக. அமெரிக்கா போய் வந்து ரோலர் கோஸ்டரை கச்னியில் வரைந்தவர். புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்த நாட்களை ஒரு வரிசையாகவே வரைந்திருக்கிறார், ஆஸ்பத்திரிக் கட்டில் உட்பட. மதுபனியின் கருப்பொருள் புராணம் மட்டும்தான் என்று எழுதும் ஆட்களிடம் இந்தப் படங்களைக் காட்ட வேண்டும். டெல்லி கைவினை அருங்காட்சியகத்தில் அவர் வரைந்த கோஹ்பர் சுவர் இப்போது இல்லை என்பது வேறு எரிச்சல்.

ஆப்ஷனில் குழப்பிவிட வரும் மற்ற ஓவிய மரபுகள்:

மஞ்சூஷா: இதுவும் பீகார், ஆனால் பாகல்பூர். பிஹுலா கதை.
வார்லி: மகாராஷ்டிரா. செம்மண் சுவரில் அரிசிமாவு வெள்ளை. ஓவியர் ஜிவ்யா சோமா மாஷே.
பித்தோரா: குஜராத்தின் ராத்வா பழங்குடி மக்கள், குதிரைகள்.
பட்: ராஜஸ்தான், துணிச்சுருள், நாட்டார் தெய்வம் பாபூஜியின் கதை.
கோண்டு: மத்தியப் பிரதேசப் பழங்குடி ஓவியம், ஓவியர் ஜங்கர் சிங் ஷ்யாம்.
கலம்காரி: காளஹஸ்தி என்றால் பேனாவால் வரைவது, மசூலிப்பட்டினம் என்றால் அச்சால் பதிப்பது.

மீனை இவற்றிலும் வரைந்தேன். வார்லி மீன் மட்டும் சரியாக வரவில்லை, விட்டுவிட்டேன்.

முட்டுக்காடு தக்ஷிணசித்ராவுக்கு மதுபனி பார்க்கப் போகாதீர்கள், அது தென்னிந்தியாவுக்கானது. கைவினைக் கண்காட்சி போடும்போது மதுபனிக் கடையில் போய் நின்று இரட்டைக் கோட்டை உற்றுப் பாருங்கள். கையால் போட்டதில் கோட்டின் தடிமன் இடத்துக்கு இடம் மாறும், பிரிண்ட்டில் ஒரே சீராக ஓடும். கடைக்காரர் சும்மா இருந்தால் பேச்சுக் கொடுங்கள்.

மனப்பாடம் செய்து வாங்கிவிடுகிற ஜாதியாக இருந்தால் நான் சொன்னது உங்களுக்கு வெட்டி வேலை. அப்படியே இருந்தாலும் கச்னி மீன் ஒன்றையாவது போட்டுப் பாருங்கள். நெட்டின் முதல் தாள், எல்லாருக்கும் பொதுவான அந்தத் திறனறித் தாள் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், அதில் எப்படித் தேறினேன் என்று எனக்கே தெரியவில்லை.