ஆர்ஜினின் ஒட்டாத நாள்

அப்பாவுக்குக் கால் எரிய ஆரம்பித்து நான்கு வருஷமாகிறது. 21ஜி பஸ்ஸில் நின்றுகொண்டே டிக்கெட் கிழித்துக் கொடுத்த கால். சர்க்கரை அதைத்தான் முதலில் பிடித்தது. பகலில் மதமதப்பு, ராத்திரியில் எரிச்சல். "மிளகாய் அரைச்சுப் பூசின மாதிரி இருக்கு பாப்பா" என்பார். போர்வை பட்டாலே ஆகாது. இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால், ஹாலில் ஃபேனுக்குக் கீழே மொசைக் தரையில் உள்ளங்காலை அழுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ப்ரீகாபலின் போட்டால் எரிச்சல் குறைகிறது, கூடவே தலை சுற்றுகிறது.

நான் கிண்டியில் ஒரு ஆய்வகத்தில் பெப்டைடு கோப்பவள்; அமினோ அமிலங்களை மணி மாதிரி கோத்த குட்டிச் சங்கிலி, நீளமாக இருந்தால் புரதம். அதுவும் நரம்பு வலிக்கு. "அந்த ஊசிய வீட்டுக்கு ஒண்ணு எடுத்துட்டு வாயேன்" என்று அப்பா கேட்காத வாரமில்லை.

நரம்பு பட்டுப்போனால் அதை வளர்க்கிற புரதத்தைக் கொடுக்க வேண்டியதுதானே என்று எனக்கும் முதலில் தோன்றியது. நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கண்டுபிடித்த ரீட்டா லெவி மொண்டால்சினியும் ஸ்டான்லி கோஹனும் 1986-இல் நோபல் வாங்கினார்கள். ஆனால் அதை ஊசியாகப் போட்டால் போட்ட இடமே வலிக்கிறது. நரம்பை வளர்க்கிற அதே கை வலியையும் கிள்ளிவிடுகிறது. சர்க்கரை நோயாளிகளிடம் பெரிய அளவில் சோதித்தும் தேறவில்லை.

அதனால்தான் முழுப் புரதத்தை விட்டுவிட்டு, வேண்டிய முகத்தை மட்டும் நகலெடுக்கப் பார்க்கிறோம். எனக்குப் பிடித்த உதாரணம் எரித்ரோபொய்ட்டின். வீட்டில் யாராவது டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தால் தெரிந்திருக்கும், ரத்தம் ஊறுவதற்குப் போடும் ஊசி. 165 அமினோ அமிலம். அடிபட்ட திசுவையும் அது காப்பாற்றும், ஆனால் அதற்கென்று அதிகமாகப் போட்டால் ரத்தம் கெட்டியாகி உறையும் ஆபத்து. அதன் சுருள் ஒன்றை, சுழல் மாடிப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருப்பக்கம் வரும் படிகளை மட்டும் பெயர்த்து வரிசையாக அடுக்கியதுதான் சிபினடைடு. 11 அமினோ அமிலம், அவ்வளவுதான். சிவப்பணுவைக் கூட்டுவதில்லை. சார்காய்டோசிஸ் என்ற அழற்சி நோயால் நரம்பு கெட்டவர்களுக்கு 28 நாள் தினமும் போட்டுப் பார்த்ததில் கருவிழியின் மெல்லிய நரம்பிழைகள் கூடியிருந்தன. மருந்துக்கடைக்கு வருவது வேறு கதை.

நான் கோப்பதும் அந்த வகையறாதான். அமெரிக்க வேதியியலாளர் மெர்ரிஃபீல்டு 1963-இல் சொல்லிக்கொடுத்த முறை: ரவையைவிடப் பொடியான ரெசின் மணியில் வாலைக் கட்டிவிட்டுத் தலையை நோக்கி ஒவ்வொன்றாக ஒட்டுவது. (அதே வருஷம்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் குழு, இந்தச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்கலாம் என்று படம் போட்டுக் காட்டியது. எங்கள் ஊர்ப் பெருமை, சொல்லாமல் விட மனசில்லை.)

போன செவ்வாய்க்கிழமை ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் ஒட்டவில்லை. ஒட்டியதா என்று பார்க்க நாலைந்து மணியை எடுத்து நின்ஹைட்ரின் விட்டுச் சூடாக்குவோம். மஞ்சளாகவே இருந்தால் சரி, நீலமானால் ஒட்டாத நுனி மிச்சமிருக்கிறது. நீலம் என்றால் அப்படி ஒரு நீலம், சொட்டு நீலத்தைக் கவிழ்த்த மாதிரி. ஆர்ஜினின் தனக்குள்ளேயே வளைந்து வீணாகிவிடும் குணமுள்ளது. போதாக்குறைக்கு, கரைப்பானைத் திறந்து வைத்தது யாரோ. சென்னைக் காற்றின் ஈரம் சும்மா விடுமா? யாரோ என்ன யாரோ, நான்தான். புது பாட்டில் உடைத்து மறுபடி ஒட்டினேன், ராத்திரி எட்டாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா காலை வாளித் தண்ணீரிலிருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"மொத்தம் எத்தன ஸ்டாப்பு?"

"பதினொண்ணுப்பா."

"தாம்பரத்துல ஏறுனா கிண்டிகூட வராதே. இதுக்கா இவ்ளோ நேரம்?"

"கடைசி ஸ்டாப்புலேர்ந்து ரிவர்ஸ்லயே வரணும்ப்பா. நடுவுல ஒருத்தர் ஏறலைன்னா வண்டியே வேஸ்ட்டு."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்போ ஒவ்வொரு ஸ்டாப்புலயும் எண்ணிப் பார்த்துட்டுத்தான் ரைட் கொடுக்கணும்" என்றார்.