யாழ்ப்பாணத்துக்கு சைக்கிளில் போக நாள் பார்த்த கதை

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு சைக்கிளில் போவது, அதைச் சொல்லிக் காசு சேர்த்து வன்னியில் பாடசாலைக்கு நெடுந்தூரம் நடந்து போகிற பிள்ளைகளுக்கு சைக்கிள் வாங்கிக் கொடுப்பது என்று வெள்ளவத்தையில் ஒரு பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் முடிவெடுத்துவிட்டோம். எங்களில் பாதிப்பேர் 2022இல் பெற்றோல் வரிசையில் நின்று வெறுத்துப்போய் சைக்கிள் வாங்கியவர்கள், வரிசை ஒழிந்த பிறகும் அதை விற்க மனம் வராதவர்கள். தூரம் உத்தேசமாக 400 கிலோமீற்றர். ஓடுவதைவிட, எப்போது ஓடுவது என்று முடிவெடுக்கத்தான் மண்டை காய்ந்தது.

கேட்டவர்கள் எல்லாம் பெப்ரவரி என்றார்கள். வெயில் குறைவு, சரி. ஆனால் அந்த நாட்களில் காற்று வடகிழக்கிலிருந்து வரும், வடக்கே போகிறவனுக்கு அது முகத்தில்தான் அடிக்கும். யாழ்ப்பாணத்தில் இருக்கும் எங்கள் மாமா ஒருவர், வாழ்நாள் முழுக்க சைக்கிளிலேயே வேலைக்குப் போய் வந்தவர், போனில் ஒரே வரியில் முடித்தார்: "சோழகத்துக்கு வாங்கோ தம்பி, வாடைக்கு வந்தா உழக்கேலாது." மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசுகிற சோழகம் முதுகுப் பக்கம் நின்று தள்ளிவிடும். வவுனியாவைத் தாண்டினால் ஏ9 வீதியில் நிழல் கிடைக்காத இடங்கள் நிறைய, இருந்தாலும் காற்றுக்காக வெயிலைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்தோம்.

அப்புறம் கலண்டர். ஜூனில் பொசொன் பௌர்ணமி, அநுராதபுரத்துக்கும் மிகிந்தலைக்கும் நாடே கிளம்பிப் போகும் (தன்சலில் இலவசச் சாப்பாடு கிடைக்குமே என்று ஒருத்தன் அதையே ஒரு காரணமாகச் சொன்னான், ஆனால் படுக்க இடம் கிடைக்காது). ஜூலை 2 மடு மாதா கோவிலில் ஆடித் திருவிழா, ஆகஸ்ட் 15 அங்கே பெரிய திருவிழா, இரண்டுக்கும் மதவாச்சிப் பக்கம் வாகனம் குவியும். நல்லூர்க் கந்தசுவாமி கோவில் கொடியேறிவிட்டால் 25 நாளைக்கு யாழ்ப்பாணத்தில் அறை தேடுவது வீண்வேலை, அதுவும் ஆடி அமாவாசையை ஒட்டி வருவதால் ஒவ்வொரு வருடமும் தேதி மாறும். பஞ்சாங்கம், போயா நாட்கள், தேவாலயக் கலண்டர் மூன்றையும் மேசையில் பரப்பி வைத்துப் பார்த்ததில் மிஞ்சியது ஜூலை நடுப்பகுதிதான்.

பாதை சுலபமாகவே அமைந்தது. முதல் நாள் நீர்கொழும்பு, சிலாபம் வழியே புத்தளம், இரண்டாம் நாள் அநுராதபுரம் வழியே வவுனியா, மூன்றாம் நாள் கிளிநொச்சி, ஆனையிறவு தாண்டி யாழ்ப்பாணம். ஒவ்வொரு நாளும் 130, 140 கிலோமீற்றர். நீர்கொழும்பு வீதியில் தனியார் பஸ்களோடு மல்லுக்கட்ட விருப்பமில்லாமல் ஞாயிறு விடியற்காலை நாலு மணிக்குப் புறப்படுவது என்று வைத்தோம். இரண்டாம் நாளும் அதேபோல் இருட்டோடு கிளம்பத்தான் நினைத்தோம், புத்தளத்து நண்பனின் வாப்பா விடவில்லை. "கருவலகஸ்வெவ பக்கம் யானை நிக்கும் மகன், நல்லா வெளிச்சம் வந்த பொறகு போங்க." அவர் சொன்னபடியே போனோம், காட்டோர மண்ணில் ஈரம் காயாத இலத்தியைப் பார்த்த பிறகு யாரும் நேரத்தைப் பற்றி முணுமுணுக்கவில்லை.

காசு விஷயத்தில் முதலிலேயே ஒரு விதி போட்டோம்: தங்குமிடம், சாப்பாடு, சாமான் ஏற்றிக்கொண்டு கூட வருகிற வான், டீசல் எல்லாம் எங்கள் கைக்காசு, தருகிறவர்களின் பணத்தில் ஒரு ரூபாயும் பயணத்துக்குப் போகாது. வங்கியில் வேலை செய்யும் தோழி ஒருத்தி, மூன்று பேர் பெயரில் கூட்டுக் கணக்கு திறந்து இரண்டு கையெழுத்து இருந்தால்தான் பணம் எடுக்கலாம் என்று வைத்தாள். 2011இல் வேறு சிலர் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை நடந்து தெல்லிப்பழை புற்றுநோய் மருத்துவமனைக்கு நிதி திரட்டியதை நினைவில் வைத்திருந்தவர்கள் எங்களையும் நம்பித் தந்தார்கள். ஒரு நிறுவனம் பெரிய தொகை தர வந்தது, எங்கள் டீஷேர்ட், வான், கடைசியில் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற சைக்கிள் வரைக்கும் தங்கள் பெயர் இருக்க வேண்டுமாம். பிள்ளை தினமும் விளம்பரப் பலகையை உழக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போக வேண்டுமா? வேண்டாம் என்றோம்.

வழியிலுள்ள பொலிஸ் நிலையங்களுக்கு சிங்களத்திலும் தமிழிலும் கடிதம் கொண்டு போனது நல்லதாகப் போயிற்று. வானில் ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புத்தூள்) பக்கெட், வாழைப்பழம், காற்றடிக்கிற பம்ப், ஒவ்வொருவரின் சைக்கிளுக்கும் ஏற்ற டியூப். மெல்லிய டயர் வைத்திருப்பவர்கள் டியூபைக் கொழும்பிலேயே வாங்கி எடுத்துப் போங்கள், வழிக் கடைகளை நம்ப வேண்டாம்.

முறிகண்டிப் பிள்ளையார் கோவிலில் எல்லோரையும்போல இறங்கி, தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக் கொறித்துவிட்டு ஏறினோம். அதற்குப் பிறகு ஆனையிறவு வரை சோழகம்தான் எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது, மாமாவுக்கு அங்கிருந்தே போன் போட்டுச் சொன்னோம்.

பிள்ளைகளின் சைக்கிள்களைக் கொழும்பில் வாங்கி லொறியில் ஏற்றுவதாகத்தான் முதலில் பேச்சு. பாடசாலை அதிபர், கிளிநொச்சிக் கடையிலேயே வாங்குங்கள், பிறகு செயின் அறுந்தால் யாரிடம் போவது என்றார். அங்கேயே லுமாலா சைக்கிள் வாங்கி, ஒவ்வொன்றோடும் ஒரு பம்பும் பூட்டும் சேர்த்து, முதல் சேர்விசுக்கும் கடைக்காரரிடம் முன்கூட்டியே காசு கட்டிவிட்டு வந்தோம்.